ஐஸ் மேல் விழுந்த பழி

ஐஸ் பேக்டரியில் வேலை பார்ப்பவர்கள் ஐஸைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கட்டி தூக்குகிறவர் போகிற போக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். உடைக்கிறவருக்குத் தொண்டை காய்ந்தால் தண்ணீர்க் குடத்தைத் தேடமாட்டார், காலடியில் கிடப்பதை எடுத்து உறிஞ்சுவார். அதனால்தான் கவுண்டரில் நின்ற சில்லு ஒன்றரை வருஷமாக விடிந்ததிலிருந்து அடைகிறவரை ஐஸைக் கடித்துக்கொண்டே இருந்தது ஒருத்தர் கண்ணையும் உறுத்தவில்லை.

சில்லு என்பது அவள் பேர் இல்லை. நொறுக்கின ஐஸை அங்கே சில்லு என்பார்கள். அதை அள்ளிப் போடுகிற கவுண்டரில் அவள் ஒன்பது வருஷமாக நிற்கிறாள். "சில்லு ரெண்டு கூடை", "சில்லு, சட்டுன்னு போடு" என்று மீன்காரர்கள் கத்திக் கத்தி, சரக்கின் பேர் ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறான்.

புருஷன் அந்த பேக்டரியின் ஆப்பரேட்டர். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதற்குள் வரிசையாக நூற்றைம்பது தகர டின்கள், டின்னுக்குள் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் தான் உறையாமல் குளிர்ந்துகொண்டே போய், டின்னில் இருக்கிற நல்ல தண்ணீரைப் பதினெட்டு மணி நேரத்தில் பாறையாக்கிவிடும். உப்பு எவ்வளவு, குளிர் எத்தனை டிகிரி, கம்ப்ரஸரில் அழுத்தம் என்ன என்று மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுதுவது அவன் வேலை. கம்ப்ரஸர் சத்தம் ஒரு இழை பிசகினாலும் தூக்கத்தில் எழுந்து உட்காருவான். பெண்டாட்டி பக்கத்தில் இருமினால் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கமாட்டான் என்று அவனுடைய அக்கா சொல்லுவாள்.

அந்த அக்கா, சில்லுவின் நாத்தனார், புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ஐஸ் நொறுக்குகிற கிரஷர் மிஷினின் வாயில் கட்டிகளைத் தள்ளுகிறவள் அவள்தான். தொட்டிச் சுவரை ஒட்டி முதலாளி கொடுத்த இரண்டு அறை வீட்டில் இவர்கள் மூன்று பேரும், ஆறாம் வகுப்பு படிக்கிற மகளும். அந்தச் சுவர் வருஷம் பூரா வேர்த்துக்கொண்டிருக்கும். மகளின் நோட்டுகள் எல்லாம் ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி இருக்கும்.

சில்லு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை. ஏலம் முடிந்து மீன் கூடைகள் வரிசை கட்டி நின்றன. சில்லு மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது கூடையில் மண்வெட்டி பாதியில் நின்றது.

"என்னடி, மண்வெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குற?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற கூடைக்காரி.

"ஒண்ணுமில்லக்கா. கண்ணுல பூச்சி பறக்குது."

"உதட்டப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. உக்காரு முதல்ல."

"உக்காந்தா வரிசை நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே சில்லு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே ஐஸ் குவியல்மேல் சாய்ந்துவிட்டாள். நாத்தனார் கிரஷரை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். அந்த மிஷின் ஏல நேரத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. அந்த அமைதியில்தான் ஆப்பரேட்டர் என்னமோ ஏதோ என்று வெளியே வந்தான்.

மீன் வண்டியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட மகளும் கூடவே வந்தாள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெஞ்சில் வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"மைக்ரோ... சைட்டிக்... ஹைப்போ... க்ரோமிக்... அனீமியா."

"பேருக்கே ரயிலு மாதிரி இத்தனை பெட்டியா?" என்றாள் நாத்தனார். "அப்ப நோய் எந்த ஸ்டேஷன்ல நிக்குமோ."

டாக்டரம்மா சில்லுவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். விரலைப் பிடித்து நகங்களைத் திருப்பினார். நகம் நடுவில் பள்ளமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கிற மாதிரி இருந்தது. ஒன்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கைக்கு நகம் இப்படித்தான் இருக்கும் என்று சில்லு நினைத்திருந்தாள்.

"ரத்தத்துல சிவப்பு அணுன்னு இருக்கு. அதுல நிறம் ஏத்துறதுக்கு இரும்புச் சத்து வேணும்" என்றார் டாக்டரம்மா. "இரும்பு பத்தலைன்னா உடம்பு சும்மா இருக்காது. இருக்கிறத வச்சு ஒப்பேத்தும். அணுவைச் சின்னதா செய்யும், வெளிறலா செய்யும். இந்த நீளப் பேருக்கு அதுதான் அர்த்தம். அணு சின்னது, நிறம் கம்மி."

"எவ்வளவு கம்மி டாக்டர்?" ஆப்பரேட்டருக்கு எதுவும் எண்ணாக வரவேண்டும்.

"பன்னெண்டு இருக்கணும். எட்டுக்குக் கீழ போனா மோசம்னு எழுதுவோம். இவங்களுக்கு ஆறு புள்ளி நாலு."

ஆப்பரேட்டரின் முகம் மாறிவிட்டது. அழுத்தம் பாதிக்கு வந்துவிட்ட கம்ப்ரஸரை அவனுக்குத் தெரியும். அது எப்படித் திணறும், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் தெரியும்.

"இதுக்கு மேல இறங்கினா இதயம் தாங்காது, ரத்தம் ஏத்த வேண்டி வரும். இப்போதைக்கு மாத்திரையில பாப்போம். ஏறலைன்னா இரும்பையே ஊசி வழியா ஏத்தலாம். ஆனா ஏத்துறது மட்டும் வைத்தியம் இல்ல. ஏன் இறங்குச்சுன்னு பாக்கணும். சாப்பாட்டுல வரலையா, வந்தும் உடம்புல ஒட்டலையா, இல்ல வெளிய போகுதா? சில குடும்பத்துல பரம்பரையாவே அணு சின்னதா இருக்கும், அது இல்லைன்னு பாத்தாச்சு. உங்களுக்குச் சேமிப்புல இருந்த இரும்பே சுத்தமா காலி. மாசத்துக்கு எத்தனை நாள் போகுதும்மா?"

சில்லு புருஷனைப் பார்த்தாள். அவன் மூலையில் இருந்த எடை மிஷினின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு, ஒம்பது நாளு" என்றாள் மெதுவாக. "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். எங்க வீட்ல எல்லாருக்குமே கொஞ்சம் ஜாஸ்தி."

டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதினார். எழுதிக்கொண்டே, "வித்தியாசமா எதாவது திங்கணும்னு தோணுதா? மண்ணு, சாம்பல், பச்சரிசி, இப்படி?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் கிடையாதும்மா."

"ஐஸ்?"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "நாங்க ஐஸ் பேக்டரிங்க" என்றாள் நாத்தனார். "மீனுகிட்டப் போயித் தண்ணி குடிப்பியான்னு கேக்குற மாதிரி இருக்கு."

"எவ்வளவு திம்பாங்க?"

சிரிப்பு நின்றது. யாருக்கும் தெரியவில்லை. மகள்தான் சொன்னாள்: "அம்மா சோறு திங்கும்போது கூடத் தட்டு ஓரத்துல ஐஸ் வச்சிருக்கும். ராத்திரி சொம்புல வச்சுக்கிட்டுப் படுக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதுதான். இரும்பு இல்லாத உடம்பு இப்படி ஏதாச்சும் ஒண்ணைக் கேக்கும். உங்க வீட்ல அது தொட்டி தொட்டியா இருந்ததால ஒருத்தருக்கும் தெரியல. வேற வீடா இருந்தா எப்பவோ வந்திருப்பீங்க."

அவர் இதற்கு மேலும் சொன்னார். ஐஸ் அடையாளம்தான், காரணம் இல்லை என்றார். மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு போடவேண்டும், முன்னேயும் பின்னேயும் ஒரு மணி நேரம் டீ கூடாது என்றார். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்றார். பூச்சி மாத்திரை ஒன்றும், மாதாந்தர ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரையும் எழுதினார். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆப்பரேட்டரின் காதில் விழுந்தது ஐஸ் என்ற ஒரு சொல்தான்.

திரும்பி வந்ததும் அவன் வீட்டு வாசலில் நின்று சொன்னான்: "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

"எது தம்பி?"

"மீனுக்கு செவுள் எப்படி இருக்கும்? வலையில இருந்து எடுக்கும்போது ரத்தச் சிவப்பு. ஐஸ்ல நாலு நாள் போடு, அஞ்சு நாள் போடு, என்ன ஆகும்?"

"வெளுத்துப் போகும்."

"அதேதான். ஒன்றரை வருஷமா இவ உள்ளுக்குள்ள ஐஸ் போட்டுக்கிட்டே இருந்திருக்கா. ரத்தம் வெளுக்காம என்ன பண்ணும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஐஸும் மீனுமாகவே இருபது வருஷம் ஓட்டின யாருக்கும் அது சரி என்றே படும்.

"டாக்டரம்மா அப்படிச் சொல்லலியேங்க" என்றாள் சில்லு.

"அவங்க ஐஸ் பேக்டரியில வேலை பாத்திருக்காங்களா? செவுளைத் தெறந்து பாத்திருக்காங்களா? இனிமே ஒரு சில்லு கூட உன் வாய்க்குள்ள போகக் கூடாது. போகாதுன்னு சொல்லு."

"போகாது" என்றாள் சில்லு. பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் அவனிடம் பொய் சொன்னதில்லை. அன்றைக்கும் பொய் சொல்லுகிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை.

அவளால் முடிந்தது ஒன்றரை நாள். தாகம் என்றால் தண்ணீர் குடித்தால் தீரும். இது அந்த மாதிரி இல்லை. பல்லுக்கு ஐஸ் வேண்டும். காது வழியாகக் கடக்கென்று அது உடைகிற சத்தம் வேண்டும். கவுண்டருக்கு ஒரு மாதம் போகக்கூடாது என்று புருஷன் சொல்லிவிட்டதால் வீட்டுக்குள், வேர்த்து வழிகிற சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் நூற்றைம்பது டின். இரண்டாம் நாள் மத்தியானம் நாத்தனார் சாப்பிட வந்தபோது, சில்லு சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல அண்ணி. கேவலமா இருக்கு. குடிகாரன் மாதிரி அதுமேலயே நெனப்பு."

நாத்தனார் வெளியே போனாள். திரும்பி வரும்போது வெந்நீர் பிளாஸ்கைக் கையில் வைத்திருந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே கழுத்து வரைக்கும் சில்லு.

"அண்ணி, திங்கமாட்டேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

"நீதான சொன்ன. நான் சொல்லலியே. டாக்டரம்மா இது காரணம் இல்லைன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. கடி."

அன்றிலிருந்து தினம் இரண்டு தடவை பிளாஸ்க் வந்தது. கம்ப்ரஸர் சத்தத்தில் கடிக்கிற சத்தம் வெளியே கேட்காது. ஆப்பரேட்டருக்கு அக்காமேல் ஒரே பெருமை. முதலாளியிடம்கூடச் சொன்னான்: "கூடப் பொறந்தவன்னா எங்க அக்கா மாதிரி இருக்கணும்யா. வேலைக்கு நடுவுல ரெண்டு வாட்டி வெந்நீர் கொண்டு போய்க் குடுக்குது."

நியாயமாகச் சொன்னால் அவனும் குறை வைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு அழுத்தம் பார்த்து எழுதிவிட்டு, கையோடு வீட்டுக்குள் வந்து எலுமிச்சை பிழிந்து மாத்திரையை எடுத்து நீட்டுவான். அவள் விழுங்குகிறவரை நிற்பான். ஏழு மணிக்கு முன்னால் யாராவது டீ என்று வாயெடுத்தால் முறைப்பான். அதனால் வீட்டில் நான்கு பேருக்கும் டீ ஏழரைக்குப் போய்விட்டது. முட்டை, கீரை, ஈரல், பருப்பு என்று தினம் ஒன்றாக வாங்கி வந்தான்.

"ஈரல்னா எனக்கு ஆகாதுன்னு தெரியும்ல?" என்பாள் சில்லு.

"உனக்கு ஆகாது, உன் ரத்தத்துக்கு ஆகும். மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு."

"அவளுக்கு வேண்டாம்னா இந்தப் பக்கம் தள்ளு" என்பாள் நாத்தனார். "எனக்கும் ரத்தம் இருக்கு."

முதல் வாரம் வெளிக்குக் கறுப்பாகப் போனதும் சில்லு பயந்துதான் போனாள். சொல்லியிருந்தும் பயம் வந்தது. இரண்டு நாள் வயிறு கல்லாகக் கிடந்தது. மகள் ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டரம்மா எழுதியிருந்ததை உரக்கப் படித்துக் காட்டினாள். நிறையத் தண்ணீர், பழம், மாத்திரையை நிறுத்தாதே. நிறுத்தவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். ஏழு புள்ளி ஐந்து. நாத்தனார் கூடப் போய் ஸ்கேன் எடுத்து வந்தாள். கர்ப்பப்பையில் ஒரு சதைக்கட்டி, எலுமிச்சம்பழம் அளவு. கெட்ட கட்டி இல்லை. மாதாமாதம் அவ்வளவு போகக் காரணம் அதுதான் என்றார் டாக்டரம்மா. ரத்தம் பத்துக்கு மேல் ஏறட்டும், அப்புறம் அதை எடுப்பதா, மாத்திரையிலேயே அடக்குவதா என்று பேசலாம் என்றார்.

"ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டான் ஆப்பரேட்டர்.

"பொம்பளை சமாச்சாரம்" என்றாள் அக்கா. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நாத்தனார் சாயங்காலம் பிளாஸ்கைத் திறந்தால் உள்ளே வெறும் தண்ணீர். காலையில் கொண்டுவந்த ஐஸ் அப்படியே உருகிக் கிடந்தது.

"என்னடி, கடிக்கலியா?"

சில்லு முழித்தாள். "மறந்துட்டேன் அண்ணி."

மறந்ததுதான் அதிசயம். அன்று அவள் மகளுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். தொட்டிமேடைக்கு ஏறுகிற பதினோரு படியை நடுவில் நிற்காமல் ஏறி, புருஷனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். உதட்டு ஓரத்து வெடிப்பு எப்போது ஆறியது என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தது சோம்பேறித்தனம் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

நான்காவது வாரக் கடைசியில் எட்டு புள்ளி ஒன்பது. ஆப்பரேட்டர் அந்தச் சீட்டைப் பேக்டரி முழுக்கக் காட்டினான். "ஐஸை நிறுத்தினேன், ஏறுது பாத்தீங்களா" என்று தூக்குகிறவரிலிருந்து வண்டிக்காரர் வரை எல்லோரிடமும் சொன்னான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாதாரணமாகச் சொன்னான்:

"பெட்டியெல்லாம் எடுத்து வச்சிரு. மாசம் பொறந்ததும் கெளம்புறோம்."

"எங்க?"

"பெரிய சலவைக் கம்பெனி ஒண்ணுல பாய்லர் வேலை. பேசி முடிச்சுட்டேன். ஆறு மணி நேரப் பிரயாணம், புது ஊரு, பரவாயில்ல. எப்பவும் சூடா இருக்கிற இடம். ஐஸ் கண்ணுலயே படாது. இங்க இருந்தா இன்னைக்கு இல்லைன்னாலும் நாளைக்கு வாயில போடத்தான் செய்வ. முதலாளிகிட்டச் சொல்லியாச்சு. புது ஆப்பரேட்டர் திங்கக்கிழமை வர்றான்."

நாத்தனார்தான் கேட்டாள்: "பாய்லரா? நெருப்பப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? அடுப்ப அணைக்கச் சொன்னாலே ஒன்பது தடவை திருகுவ."

"கத்துக்கிறேன்."

"இந்த மிஷினு?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். "மிஷினு போனா வேற மிஷினு" என்றான்.

சொல்லும்போதும் அவன் சுவர்ப் பக்கமே திரும்பியிருந்ததைச் சில்லு கவனித்தாள். இந்த மனுஷன் பதினேழு வருஷம் வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற மாதிரிப் போகிறான். போவது அவளுக்காக. அவளுக்கோ அங்கே கவுண்டரும் இல்லை, வரிசையும் இல்லை, சில்லு என்று கத்திக் கூப்பிட ஆளும் இல்லை. பாய்லர் சூட்டில் ஒரு அறைக்குள் உட்கார்ந்திருக்கவேண்டும். இத்தனைக்கும் காரணம், யாரும் செய்யாத ஒரு குற்றம்.

இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். இரும்பு ஏறினதால் ஐஸ் ஆசை போனது, ஐஸ் போனதால் இரும்பு ஏறவில்லை என்றாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான நடந்துச்சு?" என்றான் அவன். "எது எதை இழுத்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஐஸை நிறுத்தின நாள் செவ்வாய்க்கிழமை. அதுல இருந்து கணக்கு பண்ணு. சரியா ஏறிக்கிட்டே வருது."

அதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் பதினாலு வருஷத்து நம்பிக்கை என்ன ஆகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை புது ஆள் வந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். சில்லு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க. கயித்த விடுங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, காது கேக்குது."

"நான் ஐஸை நிறுத்தவே இல்ல."

கயிறு கட்டின கை நின்றது.

"மூணு வாரம் தின்னேன். முன்னைவிட ஜாஸ்தியாத் தின்னேன். ரெண்டாம் வாரம் ரத்தம் குடுக்கப் போனோமே, ஏழு புள்ளி அஞ்சு வந்துச்சே, அன்னைக்கு ஊசி குத்தும்போது கூட என் வாயில ஐஸ் இருந்துச்சு. பேசினா தெரிஞ்சிடும்னுதான் அந்த நர்ஸு பேரு கேட்டப்ப அண்ணிய விட்டுச் சொல்லச் சொன்னேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பங்கரை வாசலில் நாத்தனார் வந்து நின்றாள்.

"போகாதுன்னு சொன்ன" என்றான் கடைசியில்.

"சொன்னேன். முடியல. தப்புதான்."

"யார் குடுத்தா?"

நாத்தனார் பிளாஸ்கைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "கூடப் பொறந்தவதான் குடுத்தா. முதலாளிகிட்டப் பெருமையா சொன்னியே, அந்த வெந்நீர்."

அவன் பிளாஸ்கைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் அவன் விரல்கள் சாக்குமேல் எதையோ எண்ண ஆரம்பித்தன. செவ்வாயிலிருந்து ஒரு வாரம். இரண்டு வாரம். ஆறு புள்ளி நான்கு, ஏழு புள்ளி ஐந்து. அத்தனை நாளும் உள்ளே ஐஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஏறியும் இருக்கிறது. எண்ணோடு அவனால் சண்டை போட முடியாது.

"அப்ப செவுளு?" என்றான், பரிதாபமாக.

"அது செத்த மீனுடா" என்றாள் அக்கா. "இவ உயிரோட இருக்கா."

பிறகு அவன் தணிந்த குரலில் கேட்டான்: "அப்ப ரத்தம் எங்கதான் போச்சு?"

"டாக்டரம்மா முதல் நாளே கேட்டாங்களே. நான் சொன்னேன். நீங்க எடை மிஷினைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"இப்பச் சொல்லு."

நாத்தனார் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். சில்லு சொன்னாள். மாதத்துக்கு ஒன்பது நாள். இரண்டாவது நாளும் மூன்றாவது நாளும் மணிக்கு ஒரு தரம் துணி மாற்றவேண்டும். முதலாளி கவுண்டரில் போட்ட நாற்காலியை ஏன் வேண்டாம் என்றாள் என்று சொன்னாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம். இந்த இரண்டு வருஷமாகக் கறுப்பும் அரக்குமாகவே புடவை எடுப்பது ஏன் என்று சொன்னாள். கட்டி எவ்வளவு பெரியது என்று விரலை மடக்கிக் காட்டினாள்.

"மணிக்கு ஒரு தரமா?" என்றான் அவன்.

"ஆமா."

அவன் பதினேழு வருஷமாக மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் முள்ளைப் பார்த்து வந்தவன். தலையைக் குனிந்துகொண்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன். நீங்களும் கேக்கல."

சாக்கின் கயிற்றை அவன் மெதுவாக அவிழ்த்தான். பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அலமாரியில் இடம் மாறாமல் அடுக்கினான். ஒரு கிண்ணத்தைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான். பிறகு அக்காவிடம், "இந்த வீட்ல இனிமே வெந்நீர்னா நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றான்.

"தொட்டுப் பாரு. சுட்டா என்னைக் கேக்காத" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

திங்கட்கிழமை காலை, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அரை நாளுக்கு மட்டும் என்று சில்லு கவுண்டருக்கு வந்தாள். மண்வெட்டியை நாத்தனார் தரவில்லை. சின்ன முறத்தைத்தான் கொடுத்தாள். கூடைக்காரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஆளு திரும்பி வந்துட்ட. காதுமடல்ல கூட நிறம் வந்திருச்சு" என்றாள்.

கவுண்டருக்குப் பின்னால்தான் முதலாளியின் அறை. நடுவில் ஒரு பலகைத் தட்டி. அந்தப் பக்கம் பேசுவது அவ்வளவும் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்.

"புது ஆளு வந்து உக்காந்திருக்கான், இப்ப வந்து போகலைங்கிற" என்றார் முதலாளி. "வெளையாடுறியா?"

"நான் தப்பா நெனச்சுட்டேன்யா. பழியை ஐஸ் மேல போட்டுட்டேன்."

"அவன் குடும்பத்தோட வந்திருக்கான். திருப்பி அனுப்ப முடியாது."

"அனுப்ப வேண்டாம். ராத்திரி முறைக்கு வச்சுக்குங்க. இத்தனை வருஷம் ரெண்டு முறையும் நானே பாத்தேன். சம்பளம் கொறஞ்சாலும் சரி. ராத்திரி வீட்ல இருக்கணும்."

முதலாளி யோசிக்கிற மாதிரி நாற்காலி கிரீச்சிட்டது. "சரி, பாரு. வேற?"

"வியாழக்கிழமை லீவு வேணும்."

"எதுக்கு?"

கவுண்டரில் சில்லுவின் கை முறத்தோடு நின்றது. பொம்பளை சமாச்சாரம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தாள்.

"எம் பொண்டாட்டிக்குக் கர்ப்பப்பையில கட்டிங்கய்யா" என்றான் ஆப்பரேட்டர், கம்ப்ரஸர் அறையில் பேசிப் பழகின உரத்த குரலில். "மாசம் ஒம்பது நாள் ரத்தம் போகுது. அதான் ஆறு புள்ளி நாலு வரைக்கும் எறங்கியிருக்கு. கட்டிய எடுக்கணுமா, எப்ப எடுக்கணும், எடுத்தா எத்தனை நாள் படுத்திருக்கணும், எல்லாம் டாக்டரம்மாகிட்ட நானே கேக்கணும். போன தடவை நான் ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "எனக்கும் ஒம்பது நாளுதான்டி" என்று மெல்லச் சொன்னது சில்லுவின் காதில் விழுந்தது.

சில்லு தலையைக் குனிந்துகொண்டு கூடையில் அள்ளிப் போட்டாள். இரண்டு முறம் போடவேண்டிய இடத்தில் மூன்று, நான்கு என்று போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏய், கூடை நெறைஞ்சு கீழ கொட்டுது" என்றாள் கூடைக்காரி.

"கொட்டட்டும்க்கா" என்றாள் சில்லு. "அந்த ஒம்பது நாள்காரிய இங்க வரச் சொல்லுங்க."